மௌனப் பட்டியல்

2047 மார்ச் 9, சனிக்கிழமை காலை ஏழே கால் மணிக்கு, திருச்சி பொன்மலைப்பட்டியில், எழுபத்து நான்கு வயதான சவரிமுத்து, கேழ்வரகுக் கஞ்சியோடு வந்த தன் மகளைக் கண்டதும் சமையலறைக்குள் ஓடிக் கதவை உட்புறம் தாழிட்டுக்கொண்டார். தீயணைப்பு வீரர்கள் கதவை உடைத்தபோது அவர் கையில் அரிவாள்மனை இருந்தது. மகள் தெருவுக்குப் போய்விட்டாள் என்று நிச்சயமான பிறகுதான் அதைக் கீழே வைத்தார்.

செய்தி சென்னையில் இருந்த மகன் பெலிக்ஸுக்கு எட்டு மணிக்குக் கிடைத்தது. மதியத்துக்குள் திருச்சி போய்ச் சேர்ந்தான். அப்பா கட்டிலில் சாந்தமாக உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவனைப் பார்த்துச் சிரித்தார். "வாங்க தம்பி, சாப்பிட்டீங்களா?" என்றார். அக்கா ஜெசிந்தா எதிர்வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் தலை தெரிந்தால்கூட அப்பா நடுங்கினார்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் பரவிய மூளைக்காய்ச்சலில் பிழைத்தவர்களில் ஒருவர் சவரிமுத்து. அந்தக் காய்ச்சல் பலரிடம் ஒரு குறையை விட்டுவிட்டுப் போனது. கண் நன்றாகத் தெரியும், எதிரே இருப்பது ஒரு முகம் என்பதும் தெரியும். அந்த முகம் தன் வீட்டு முகமா, வழிப்போக்கன் முகமா என்பது மட்டும் தெரியாது. பெற்ற பிள்ளையும் பால்காரரும் ஒன்றுதான். அவர்களுக்காக வந்த கருவிதான் முகத்துணை. கண்ணாடிச் சட்டத்தில் ஒரு கேமரா, காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் ஒரு சிப். அது பெயர் சொல்லாது. பார்க்கிற ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு நெருக்க எண் வைத்துக்கொள்ளும். பூஜ்யத்தில் தொடங்கி 255 வரை. பேசப் பேச, கையைப் பிடிக்கப் பிடிக்க, உடன் இருக்க இருக்க அந்த எண் மெல்ல ஏறும். எண்ணுக்கு ஏற்றபடி மூளையில் ஒரு இதத்தைக் கிளப்பும். நம்மவர் என்கிற உணர்வு, அவ்வளவுதான். வீடு புகுந்து அடித்தவன், ஏமாற்றிக் கையெழுத்து வாங்கியவன் போன்றவர்களின் முகங்களை மருத்துவர் தனியாகக் குறித்துவைப்பார். அவற்றுக்குத் தனிப் பட்டியலில் பூஜ்யத்துக்குக் கீழான எண். அந்த முகம் வந்தால் உடல் முழுக்க அச்சம் பரவும்.

அந்தக் கருவியின் மென்பொருளை எழுதிய தெளிவகம் நிறுவனத்தில்தான் பெலிக்ஸ் பதினோரு ஆண்டுகளாக வேலை பார்த்தான்.

மருத்துவர்கள் சவரிமுத்துவைச் சோதித்தார்கள். கருவியில் பழுதில்லை, அவர் மகனிடமும் அண்டை அயலாரிடமும் இயல்பாக இருக்கிறார், ஒரே ஒரு முகத்துக்குத்தான் அஞ்சுகிறார் என்று எழுதினார்கள். நடந்ததைத் தானே விளக்க முடியாதவரின் உடல் சொல்வதைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று மூன்று ஆண்டுகளுக்கு முன்பே சட்டம் வந்திருந்தது. முதியோர் காப்பு ஆணையம் விசாரித்தது. ஜெசிந்தா மணமாகாதவள், வயது நாற்பத்து நான்கு, ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்ட், அப்பாவுக்காக அரைநாள் வேலையாக மாற்றிக்கொண்டவள். அப்பாவும் அவளும் மட்டுமே இருந்த வீட்டில் என்ன நடந்தது என்று சொல்ல வேறு யாரும் இல்லை. ஆணையத்தின் அதிகாரி பெலிக்ஸிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: உங்களைப் பார்த்தால் அவர் பயப்படுகிறாரா?

இல்லை என்றான். என்னைப் பார்த்தால் சிரிக்கிறார், சாப்பிட்டீங்களா என்று கேட்கிறார் என்றான். அக்காவுக்கு எதிரான மனுவில் அவனே கையெழுத்திட்டான். அன்று மாலை அக்காவைத் தனியாகச் சந்தித்து, "உண்மையைச் சொல்லு, அப்பாவை என்ன பண்ணுன?" என்று கேட்டான். ஜெசிந்தா அப்பாவின் மாத்திரை டப்பாவை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

அவள் அப்பாவிடமிருந்து இருநூறு மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்று இடைக்கால உத்தரவு வந்தது. அப்பாவை ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். மருந்துக்கடைக்காரர் ஜெசிந்தாவைக் கொஞ்ச நாள் வரவேண்டாம் என்றார். கோயிலில் அவள் உட்காரும் வரிசையில் ஆட்கள் மெல்ல இடம் மாறினார்கள். இறுதி விசாரணை ஜூன் 21 என்று குறித்தார்கள். அன்று உத்தரவு நிலையானால் அடுத்தது காவல்துறை வழக்கு.

ஜூன் 10, திங்கட்கிழமை, தெளிவகத்தின் பில்டு நின்றுபோனது.

ஒரே மென்பொருளை வேறு வேறு சிப்புகளில் ஓடும்படி கட்டித் தருவதுதான் பெலிக்ஸின் வேலை. மனிதர்கள் எழுதும் நிரலை ஒவ்வொரு சிப்பின் மொழிக்கும் கம்பைலர் என்ற மென்பொருள் மாற்றும், அந்தக் கட்டுமானம்தான் பில்டு. தடையில்லாமல் முடிந்தால் திரையில் பச்சை, நின்றால் சிவப்பு. முதல் சிப்பைத் தயாரித்தவர்கள் கடையைக் கட்டிவிட்டதால் போன வருடம் இரண்டாவது சிப்புக்கு மாறினார்கள். இப்போது மூன்றாவதாக ஒன்று வந்திருந்தது. புதிய சிப், புதிய கம்பைலர். சந்தேகமான வரி எதையும் அது எச்சரித்துவிட்டுத் தாண்டிப் போகாது, அங்கேயே நிறுத்திவிடும்.

அது நின்ற இடம் ஒரு பழைய கோப்பின் இருநூற்றுப் பன்னிரண்டாவது வரி. நெருக்க எண் 127-க்கு மேலிருந்தால் அவரை உடனிருப்பவர் என்று எடுத்துக்கொள், என்பது அந்த வரியின் பொருள். அதன் கீழே கம்பைலர் எழுதியிருந்தது: இந்த நிபந்தனை ஒருபோதும் உண்மையாகாது.

பெலிக்ஸ் அந்த வாக்கியத்தை எங்கோ படித்திருந்தான். எங்கே என்று நினைவுக்கு வரச் சற்று நேரம் பிடித்தது.

இரண்டாவது சிப்புக்கு மாறியபோது நாலாயிரத்துச் சொச்சம் எச்சரிக்கைகள் வந்தன. ஓர் எச்சரிக்கைகூட இல்லாத பில்டுதான் வெளியே போகலாம் என்பது தணிக்கை விதி. எல்லாவற்றையும் திருத்துவதற்கு ஆளும் இல்லை, நாளும் இல்லை. தீங்கில்லாதது என்று ஒருவர் பொறுப்பேற்றால் அந்த எச்சரிக்கையை ஒரு கோப்பில் சேர்த்துவிடலாம். பிறகு கம்பைலர் அதைப் பற்றி வாய் திறக்காது. அந்தக் கோப்புக்கு மௌனப் பட்டியல் என்று பெயர் வைத்தவர் குழுவில் மூத்தவரான நாச்சியப்பன். பட்டியல் நீள நீளச் சிவப்பு குறையும். கடைசிச் சிவப்பை அணைப்பவருக்கு அவர் செலவில் கீழ்க்கடை வடை.

பெலிக்ஸ் பட்டியலைத் திறந்து தேடினான். மூவாயிரத்து எண்ணூற்று ஆறாவது வரி. கோப்பின் பெயர், வரி எண் 212, தேதி 2046 பிப்ரவரி 2. குறிப்பு: பழைய பகுதி, தீங்கில்லை. பொறுப்பு: பெ.ச.

அன்று வெள்ளிக்கிழமை. அந்த வடை அவனுக்குத்தான் கிடைத்தது.

நாச்சியப்பன் காரைக்குடிக்காரர். கையில் டீயோடு வந்து நின்றார். "ஏம்ப்பா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?"

பெலிக்ஸ் திரையைக் காட்டினான். நாச்சியப்பன் குனிந்து படித்தார். முதல் சிப்பில் பூஜ்யமும் ஒன்றுமான எட்டு இலக்கத்தில் எழுதிய எண் 0 முதல் 255 வரை போகும், இரண்டாவதில் அதே எட்டு இலக்கத்தில் முதல் இலக்கத்தைக் கழித்தல் குறியாக எடுத்துக்கொள்கிறது என்று பெலிக்ஸ் சொல்லும் முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது. இந்தத் தொழிலில் எல்லோருக்கும் முதல் வருடமே சொல்லித்தரும் பாடம் அது.

"டெஸ்ட்ல எல்லாம் பாஸாயிருக்கேப்பா," என்றார்.

"அந்த டெஸ்ட் யாரு எழுதுனது?"

"நாந்தான்."

"அதுல பெரிய நம்பர் எது?"

"நூறு." நாச்சியப்பன் டீயைக் கீழே வைத்தார். "நூத்துக்கு நூறு. அதுக்கு மேல எவன்யா மார்க் போடுவான்?" சிரிப்பதற்காகத்தான் தொடங்கினார். முடிக்கும்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

பரிசோதனை மேசையில் இரண்டாவது சிப் பொருத்திய பலகை ஒன்று கிடந்தது. ஒரு பொய்முகத்தை உருவாக்கி எண்ணை ஏற்றினார்கள். 120, 125, 126. இதத்தைக் காட்டும் கோடு உயர்ந்துகொண்டே போனது. 127-இல் உச்சியில் நின்றது. பெலிக்ஸ் இன்னும் ஒன்று கூட்டினான். கோடு திரையின் அடிக்கு விழுந்தது. கருவி படித்த எண், கழித்தல் 128. மருத்துவர் கையால் குறிக்கும் எந்தக் கொடியவனுக்கும் அவ்வளவு பெரிய எண் கொடுப்பதில்லை.

"வீட்ல கூடவே இருக்கற ஆளு 128-ஐத் தொட எத்தனை நாள் ஆகும்?" என்று நாச்சியப்பன் கேட்டார்.

ஏழெட்டு மாதம் என்றான் பெலிக்ஸ். சொல்லும்போதே மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டான். அப்பாவுக்குப் புதிய சிப் பொருத்தியது ஜூலை 12. புதிய சிப்பில் எல்லா முகங்களும் மறுபடி பூஜ்யத்திலிருந்துதான் தொடங்கின. மார்ச் 9 இருநூற்று நாற்பதாவது நாள்.

புகார்ப் பிரிவின் கோப்பைக் கேட்டு வாங்கினார்கள். கருவி சார்ந்தது அல்ல, மனநலம் சார்ந்தது என்று மூடிவைத்த புகார்கள் முப்பத்தெட்டு. சேலத்தில் ஓர் அம்மா மருமகளைக் கண்டு அலறினார். தேனியில் ஒருவர் கூடப்பிறந்த தம்பியின் கையைக் கடித்தார். புதுக்கோட்டையில் ஒருவர் துணி காயப்போட வந்த மனைவியைக் கண்டு மாடியிலிருந்து குதித்து இறந்தார். மனைவி காவலில் இருந்தாள். எல்லோருக்கும் இருநூற்று இருபத்தைந்தாவது நாளிலிருந்து இருநூற்று அறுபதாவது நாளுக்குள் நடந்திருந்தது. அஞ்சப்பட்டவர் எல்லாப் புகாரிலும் சோறு போட்டவர், குளிப்பாட்டியவர், பக்கத்தில் படுத்தவர்.

புதிய சிப் பொருத்தியவர்கள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு பேர். பெரும்பாலானோருக்குப் போன அக்டோபருக்குப் பிறகுதான் மாற்றினார்கள். நாச்சியப்பன் தேதிகளை வரிசைப்படுத்திப் பார்த்தார். இந்த வாரத்திலிருந்து தினமும் ஏறக்குறைய ஆறு வீடுகளில் யாரோ ஒருவர் 127-ஐத் தாண்டுவார்.

தொழில்நுட்பத் தலைவர் டாக்டர் கனகவல்லி இருவரையும் உட்காரவைத்துக் கேட்டார். அவருக்கு அறுபது வயது, மூளைக்காய்ச்சல் காலத்தில் வார்டுகளில் நின்றவர். குரலை உயர்த்தியதே இல்லை. திருத்த எவ்வளவு நேரம் ஆகும் என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

"பில்டு கோப்புல ஒரு வார்த்தை மேடம்," என்றான் பெலிக்ஸ். "அந்த எட்டு இலக்கத்துல கழித்தல் குறி கிடையாதுன்னு கம்பைலருக்குச் சொல்லணும். அவ்வளவுதான்."

சோதனை முடித்து இருபதாம் தேதி எல்லாக் கருவிகளுக்கும் அனுப்பிவிடலாம் என்றார் கனகவல்லி. பொதுவான மேம்பாடு என்ற பெயரில் போகும்.

"பொதுவான மேம்பாடா?"

"பழுதுன்னு அறிவிச்சா என்ன ஆகும்னு தெரியும்ல பெலிக்ஸ்? விதி அப்படி. அறிவிச்ச நிமிஷமே கருவியில யாரும் கை வைக்கக் கூடாது. விசாரணை முடியற வரைக்கும் திருத்தமும் போகாது. குறைஞ்சது ரெண்டு மாசம். தினம் ஆறு வீடு. நீங்களே கணக்குப் போடுங்க."

"ஏற்கெனவே மாட்டிக்கிட்டவங்க?"

"பயம் நின்னுடும். கொஞ்ச நாள்ல கேஸும் தானா நின்னுடும்."

"நிக்காது மேடம். இப்ப மட்டும் பாசமா இருக்கற மாதிரி நடிக்கிறாங்கன்னு சொல்லுவாங்க. எங்க அக்காவைப் பத்தி நானே அப்படித்தான் சொல்லுவேன்."

கனகவல்லிக்கு அவனுடைய அக்காவைப் பற்றி அப்போதுதான் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். வருத்தப்பட்டது உண்மைதான். ஆனால் முடிவை மாற்றவில்லை. திருத்தம் போனபின் எந்த முகத்துக்கு எப்போது அச்சம் கிளப்பியது என்று கருவிகளில் உள்ள பழைய அச்சப் பதிவுகள் அழிந்துவிடும், புதிய அமைப்பில் அவற்றுக்கு இடமில்லை என்பதையும் அவரே சொன்னார். மறைக்க விரும்பியிருந்தால் சொல்லியிருக்க மாட்டார்.

வெளியே வந்ததும் நாச்சியப்பன் அவன் தோளில் கை போட்டார். "என்ன பண்ணப் போற?"

முதலில் அக்காவைப் பார்க்கணும் என்றான் பெலிக்ஸ்.

பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை திருச்சிக்குப் போனான். ஜெசிந்தா அரியமங்கலத்தில் ஒரு தையல்கடைக்குப் பின்னால் ஓர் அறையில் இருந்தாள். மார்ச்சுக்குப் பிறகு அவன் அவளைப் பார்க்க வருவது அதுவே முதல்முறை. அவள் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, திறந்தபடியே விட்டு உள்ளே போனாள். அவன் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் போனான். அறையில் ஒரு நாற்காலிதான் இருந்தது. அவள் கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள்.

அவன் எல்லாவற்றையும் சொன்னான். சிப் மாறியது, எட்டு இலக்கம், 127. ஒரு மீட்டர் 127 வரை ஏறும், முள் இன்னும் ஒரு கோடு ஏறினால் தலைகீழாகப் போய்விடும் என்று சொன்னான். மௌனப் பட்டியலைப் பற்றிச் சொன்னான். அதில் பெ.ச. என்று இருப்பதைக் கடைசியாகச் சொன்னான்.

ஜெசிந்தா மருந்துச் சீட்டைப் படிப்பவளைப் போலக் கேட்டாள். பிறகு, "அப்ப நான் அப்பாவ என்ன பண்ணேன்னு கேட்டியே ஒரு நாள்," என்றாள். "இப்ப தெரிஞ்சுதா?"

"அக்கா."

"கஞ்சி குடுத்தேன். நகம் வெட்டிவிட்டேன். சாயங்காலம் பொன்மலை ரயில்வே மைதானம் வரைக்கும் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனேன். அந்தக் கை பிடிச்சதுக்கும் உங்க மெஷின்ல மார்க் உண்டுதானே?"

"உண்டு."

"கையே பிடிக்காம இருந்திருக்கணும் போல." அதைச் சொல்லிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். அவனுக்கும் ஒரு தம்ளர் கொண்டுவந்து வைத்தாள். "நாளைக்குக் காலையில ஆணையத்துக்குப் போய்ச் சொல்லு. இன்னும் அஞ்சு நாள்தான் இருக்கு."

சொன்னால் திருத்தம் நின்றுவிடும் என்பதை அவன் அப்போதுதான் சொன்னான். தினம் ஆறு வீடு. திருத்தம் இருபதாம் தேதி போகிறது, இருபத்தொன்றாம் தேதி விசாரணை. அதுவரை பொறுத்தால் அதற்குப் பிறகு வரும் வீடுகள் தப்பும். ஆனால் அதற்குள் அச்சப் பதிவுகள் அழிந்துபோகும், வெறும் எண்கள்தான் மிஞ்சும். ஆணையம் அதை ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம்.

"ஏத்துக்கலைன்னா?"

"போலீஸ் கேஸ் வரும்."

முன்னாலிருந்த கடையில் தையல் இயந்திரம் ஓடி நின்றது. ஜெசிந்தா தம்ளரின் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஆறு வீட்லயும் என்னை மாதிரி ஒருத்தி இருப்பாள்ல," என்றாள். "திடீர்னு ஒரு நாள் காலையில ஒண்ணும் புரியாம நிப்பா. எனக்கு அது எப்படி இருந்துச்சுன்னு உனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை வரைக்கும் இருந்துக்கறேன், போ."

அவன் வாசலில் செருப்பு மாட்டும்போது பின்னாலிருந்து கேட்டாள். "டேய், உன் நம்பர் எவ்வளவுன்னு பாத்தியா?"

"இல்லக்கா. பாக்கல."

அது பொய்யில்லை. அப்பாவின் கருவியைத் திறக்க அவனுக்கு அனுமதி இருந்தது, கையெழுத்திட்டிருந்த மகன் என்ற முறையில். திறக்கவில்லை.

பஸ் ஏறுமுன் இல்லத்துக்குப் போனான். சவரிமுத்து மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பாக்கியம் என்ற பணிப்பெண் அவருக்கு ஆரஞ்சுச் சுளை உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர் அவள் கையை விடாமல் பிடித்திருந்தார். மூன்று மாதமாக இவருக்கு நான்தான் எல்லாம், நான் லீவு போட்டா சாப்பிட மாட்டேங்கறார் என்று பாக்கியம் பெருமையாகச் சொன்னாள். பெலிக்ஸ் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். திருத்தம் போகாவிட்டால் நவம்பரில் ஒரு நாள் காலை இவள் ஆரஞ்சோடு வருவாள்.

"வாங்க தம்பி," என்றார் சவரிமுத்து அவனைப் பார்த்து. "சாப்பிட்டீங்களா?"

இருபதாம் தேதி காலை ஒன்பது மணிக்குத் திருத்தம் போகத் தொடங்கியது. கண்ணாடியைச் சார்ஜில் வைக்கும்போதுதான் அது ஏறும். நாச்சியப்பனும் பெலிக்ஸும் திரையின் முன்னால் உட்கார்ந்து எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்தார்கள். பத்து மணிக்கு முந்நூறு. மதியம் ஆயிரத்து நூறு. சவரிமுத்துவின் கருவி மூன்று மணி வரை வரவில்லை. பெலிக்ஸ் இல்லத்துக்குப் போன் செய்தான். மத்தியானம் தூங்கும்போதுதான் கழற்றுவார், இப்பத்தான் சார்ஜ் போட்டேன் என்றாள் பாக்கியம். ஐந்து மணிக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நான்கு. மீதி எட்டுப் பேரின் வீடுகளுக்கு ஆள் அனுப்பியிருந்தார்கள்.

நாச்சியப்பன் மௌனப் பட்டியலைப் பிரதி எடுத்து உறையில் போட்டுக் கொடுத்தார். நோயாளிகளின் பதிவை எடுத்தால் குற்றம், இது நாம் எழுதியது, யாரும் ஒன்றும் சொல்ல முடியாது என்றார். கூடவே இன்னொரு தாள் இருந்தது. அவர் எழுதிய சோதனைகளின் பட்டியல். எல்லாம் நூறோடு முடிந்தன. அடியில் அவரும் கையெழுத்துப் போட்டிருந்தார். "உன்னை மட்டும் தனியா அனுப்பிட்டு நான் எப்படிப்பா வடை தின்ன?" என்றார்.

ஜூன் 21 அன்று ஆணையத்தின் திருச்சி அறையில் பதினைந்து பேர் இருந்தார்கள். தலைவர் ஓர் ஓய்வுபெற்ற நீதிபதி. மனுதாரர் என்ற முறையில் பெலிக்ஸைக் கூப்பிட்டார்கள். அவன் உறையைக் கொடுத்துவிட்டு, சிப்பைப் பற்றி அக்காவிடம் சொன்னதையே சொன்னான். பழைய பில்டை யார் வேண்டுமானாலும் அதே பட்டியலோடு மறுபடி கட்டிப் பார்க்கலாம், 128 கொடுத்தால் கழித்தல் 128 வரும், எங்கே எப்போது கட்டினாலும் வரும் என்றான்.

தலைவர் தாள்களைப் புரட்டினார். மூவாயிரத்து எண்ணூற்று ஆறாவது வரியில் விரலை வைத்தார்.

"இந்த பெ.ச. யாரு?"

"நான்தான் ஐயா."

"தீங்கில்லைன்னு எப்படி முடிவு பண்ணீங்க?"

"முடிவு பண்ணலைங்க ஐயா. நாலாயிரம் இருந்துச்சு."

தலைவர் அதை எழுதிக்கொண்டார். ஆணையத்தின் தொழில்நுட்ப அலுவலர் ஓர் இளம்பெண். அவள் எழுந்து, அப்படியானால் சோதிக்க ஒரு வழி உண்டு என்றாள். அச்சப் பதிவுகள் இல்லாவிட்டாலும் எண்கள் கருவியில் இருக்கின்றன. குற்றம் சாட்டப்பட்டவரின் எண் 127-க்கு மேலிருந்தால் அந்த அச்சம் கருவியினுடையது. கீழே இருந்தால் நோயாளியினுடையது. சவரிமுத்துவின் கருவியில் உள்ள முகங்களை அறையிலேயே படிக்கலாம் என்றாள். தலைவர் அனுமதித்தார். பெலிக்ஸிடமும் சம்மதம் கேட்டார்கள். அவன் ஜெசிந்தாவைப் பார்த்தான். அவள் கடைசி வரிசையில் மடியில் பையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சம்மதம் என்றான்.

அலுவலர் ஒவ்வொன்றாகப் படித்தாள். படித்தது எல்லோருக்கும் கேட்டது.

இடைக்கால உத்தரவு அன்றே விலக்கப்பட்டது. மூடிவைத்திருந்த மற்ற முப்பத்தேழு பழைய புகார்களிலும் எண்களைப் படிக்கும்படி ஆணையம் உத்தரவிட்டது. முப்பத்தாறில் 127-க்கு மேல் இருந்தது. ஒன்றில் 88. அந்த வழக்கு தொடர்கிறது. புதுக்கோட்டைப் பெண் ஜூலை 3 விடுவிக்கப்பட்டாள். தெளிவகத்தின் உரிமம் ஆறு மாதத்துக்கு நிறுத்திவைக்கப்பட்டது. கனகவல்லி பொறுப்பிலிருந்து விலகினார். பெலிக்ஸும் நாச்சியப்பனும் மருத்துவக் கருவிகளில் வேலை செய்ய ஐந்து ஆண்டுகளுக்குத் தடை.

ஜூன் 24 அன்று ஜெசிந்தா இல்லத்துக்குப் போனாள். சவரிமுத்து பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். எங்கடி போயிட்ட, காலையில இருந்து பாக்கறேன் என்றார். ஜூலை 1 அன்று வீடு திரும்பினார்.

ஆணையத்தின் தீர்ப்பில் மூன்றாம் இணைப்பாக அன்று படித்த எண்களின் அட்டவணை இருக்கிறது. ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே, நிறுவனத்தின் கையேட்டில் உள்ளபடி அதன் பொருள் தரப்பட்டுள்ளது.

ஜெசிந்தா, மகள்: 131. உடனிருப்பவர்.

பாக்கியம், இல்லப் பணியாளர்: 74. அறிமுகமானவர்.

பெலிக்ஸ், மகன்: 41. எப்போதாவது வந்துபோகிறவர்.